நெடுங்காலனுக்கு ஒரு காரணம்

அடுத்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் சூதாட்டம் நடக்கிறது என்று எங்கள் ஊரான அசாம் ஜாவா முழுக்கச் சொன்னது நான்தான். அதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் பொய் சொன்னேன் என்று யாரும் சொல்ல முடியாது. பகடை உருளும் சத்தம் கேட்டது. இரண்டு ஆம்பிளைகள் "விழுந்துச்சு, விழுந்துச்சு" என்று கத்தினார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் துணி காயப்போடுகிறவள் வேறு என்னத்தை நினைப்பாள்?

அந்த வீட்டுக்காரர் வைரவநாதன். செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருஷம் பெரிய கிராணி, ஆபீஸ் கணக்கெல்லாம் அவர் கையில். ஓய்வு பெற்றதும் தோட்டத்து பங்களாவைக் காலி செய்துவிட்டு எங்கள் வரிசையில் வாடகைக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவர் வெளியே கிளம்பினால் கஞ்சி போட்ட காலர் முதலில் வரும், பிறகுதான் அவர் வருவார். மகள் வாகீஸ்வரிக்கு அப்போது, எண்பத்து நாலில், இருபத்தொன்பது முடிந்திருந்தது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியை. ஆறு வருஷமாகத் தற்காலிகம். கல்யாணப் பேச்சு என்ன ஆச்சு என்று மூன்று தடவை சுற்றி வளைத்துக் கேட்டேன். மூன்று தடவையும் தேத்தண்ணி கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை.

சூதாட்டச் செய்தி ஊரைச் சுற்றி அவள் காதுக்கே போய்ச் சேர்ந்தது. அடுத்த ஞாயிறு வேலிக்கு வந்து நின்றாள்.

"தாயம்மாக்கா, இதில நிண்டு கால் நோகப் போகுது. உள்ள வந்து இருந்து பாருங்கோ."

கோபமாகச் சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டேன். சிரித்துக்கொண்டு சொன்னாள். போனேன்.

மேசை மேல் ஒரு பெட்டி. லண்டனில் சட்டம் படிக்கும் அண்ணன் குமாரசிங்கம் அனுப்பியது. அதற்குள் ஒரு புத்தகமும் ஐந்தாறு பகடைகளும். அதில் ஒரு பகடைக்கு இருபது முகம். நாலு பக்கப் பகடையே ஒரு ராஜ்யத்தை அழிக்கப் போதும், இருபது முகத்தை வைத்துக்கொண்டு இவள் என்ன செய்யப்போகிறாளோ என்று நினைத்தேன்.

"இது சூது இல்லை அக்கா, கதை" என்றாள். "நான் ஒரு நாட்டைச் சொல்லுவன். இவை ரெண்டு பேரும் அந்த நாட்டில ஆளுக்கொரு ஆளா இருப்பினம். என்ன செய்யப்போகினம் எண்டு அவைதான் சொல்ல வேணும். அது நடக்குமோ நடக்காதோ எண்டு பகடை சொல்லும்."

"ஜெயிச்சா என்னா கிடைக்கும்?"

"ஒண்டும் கிடையாது. அடுத்த கிழமையும் விளையாடலாம்."

அந்த இரண்டு பேரில் ஒருவன் நாகமணி. கோலசிலாங்கூருக்கும் சபாக் பெர்ணமுக்கும் ஓடும் பஸ்ஸில் கண்டக்டர். வீட்டுக்குள்ளும் பஸ்ஸில் பேசுவதுபோலவே பேசுவான். மற்றவன் சோமு. செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டர், முப்பது வயது, தோட்டத்துக் கூலி லயத்தில் வளர்ந்த பையன். வரும்போது மண்ணெண்ணெய் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வருவான். அப்படியும் நகக்கண்ணில் கறுப்பு போகாது. அதனால் பகடையை விரல் நுனியால் தொட்டு உருட்டுவான். அவன் வந்ததும் கிராணிக்கு அறைக்குள் ஏதாவது வேலை வந்துவிடும். டீச்சருக்கு மட்டும் அன்றைக்குப் பவுடர் கொஞ்சம் கூடுதலாக விழுந்திருக்கும். நான் பார்த்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அவள் சொன்ன நாட்டுக்கு ஏழாற்று நாடு என்று பெயர். லண்டன் புத்தகத்தில் பனியும் கோட்டையும் இருந்ததாம். பனியை எடுத்துவிட்டுச் சதுப்பு மரங்களை நட்டுக்கொண்டாள். அப்பாவின் பழைய கூலிக் கணக்கு செக்ரோல் தாள்களின் முதுகில் வரைபடம் போட்டிருந்தாள். மலை மேல் ராஜா, ஆற்றங்கரையில் முனிவர்கள், வாசலில் காவல் வீரர்கள். நாகமணி மந்திரியின் மகன். சோமு காவல் வீரன்.

நான் போக ஆரம்பித்த மூன்றாவது ஞாயிறு சண்டை வந்தது. ராஜாவின் தேர் அச்சு முறிந்துவிட்டது. சோமு நாற்காலியில் முன்னால் நகர்ந்தான்.

"நான் பாக்குறேன். அச்ச கழட்டி பட்டறையில குடுத்து ஒட்டிரலாம்."

டீச்சர் புத்தகத்தைப் புரட்டினாள். "காவல் வீரனுக்கு அந்தத் திறமை இல்லையே. முனிவர் வந்து மந்திரம் சொன்னால்தான்…"

"டீச்சர்" என்றான் சோமு. குரல் உயரவில்லை. "இத்தனை வாரமா நான் வாசல்ல நிக்குறேன். ராஜா பேசுறாரு, முனிவர் பேசுறாரு, மணி கூட பேசுறான். ஆலையிலயும் இதான் லா. என்ஜின் ஒடஞ்சா நான் செய்வேன், ரிப்போர்ட்டுல வேற ஆளு பேரு. உங்க நாட்டுலயாவது ஒடஞ்சத செய்ய விடுங்க."

"அப்ப என்ன வேணும் எண்டு சொல்லுங்கோவன்."

"ரோபோட்டு" என்றான். "டிவியில சப்பான்காரன் காட்டுறானே, தென்னை மரம் ஒசரம். நெஞ்சுக்குள்ள ஆளு ஒக்காந்து ஓட்டுவான். அது ஒன்னு குடுங்க."

நாகமணி சிரித்தான். நானும் சிரித்தேன். தப்பு என்னவென்றால், டீச்சரும் சிரித்துவிட்டாள்.

"ராசா காலத்தில ரோபோட் எப்பிடி வரும் சோமு? அதுக்கு ஒரு காரணம் வேண்டாமோ?"

"காரணம் கெடைச்சா சொல்லி அனுப்புங்க" என்று எழுந்து போனான். செருப்பைப் போட்டுக்கொள்ள அவனுக்கு வெகுநேரம் ஆனது. யாராவது கூப்பிடுவார்கள் என்று இருந்திருப்பான் போல. யாரும் கூப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறு அந்த நாற்காலி காலி. அதற்கடுத்த ஞாயிறும் காலி. ஆள் வரவில்லை என்றால் நாற்காலியை எடுத்து ஓரமாகப் போடுவதுதானே வழக்கம்? அவள் போடவில்லை. அதன் எதிரிலேயே தேத்தண்ணிக் கோப்பையையும் வைத்தாள். பிறகு ஆறிய தேத்தண்ணியைச் செம்பருத்திக்கு ஊற்றினாள். அந்தச் செடி அந்த மாதத்தில் நன்றாகப் பூத்தது.

அப்புறம் காரணம் தேட ஆரம்பித்தாள். பள்ளிக்கூடப் பரீட்சைத் தாளைத் திருத்தக்கூட அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

முதல் காரணத்தைச் சீட்டில் எழுதி நாகமணியிடம் கொடுத்தாள். அவன் பஸ்ஸை ஆலை முக்கில் நிறுத்தி, பதிலை வாய்மொழியாகக் கொண்டுவந்தான். முனிவர் ஒருவர் யாகம் செய்து இரும்பு ராட்சசனை வரவழைத்தார் என்பது அந்தக் காரணம்.

நாகமணி சோமுவைப்போலவே இடுப்பில் கையை வைத்துச் சொன்னான்: "மந்திரத்துல வந்தது மந்திரத்துல போயிரும். ரிப்பேர் பண்ண முடியாததுல நான் ஏறமாட்டேன்."

இரண்டாவது காரணம்: ஆதிகாலத்து ராட்சசன் ஒன்று மண்ணுக்குள் புதைந்து கிடக்கிறது, ராஜா கனவில் கண்டு தோண்டி எடுக்கிறார்.

"கண்டுபுடிச்சது ராஜா. அப்ப நான் அவரு டிரைவரு." மறுபடியும் இடுப்பில் கை. "வேற ஏதாச்சும் அனுப்புறீங்களா டீச்சர்? பஸ்ஸு கெளம்பணும்."

"அவர் சிரிச்சவரோ?" என்று கேட்டாள் டீச்சர்.

"யாரு?"

"ஒண்டுமில்லை."

இதற்கிடையில் ஒரு மழைநாள். தோட்டத்தின் பன்னிரண்டாம் காட்டில், செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டர் சதுப்பில் இறங்கிவிட்டது. முப்பது பேர் கயிறு போட்டு இழுத்தும் வரவில்லை. ஆலையிலிருந்து சோமுவைக் கூட்டி வந்தார்கள். சேற்றில் குப்புறப் படுத்துச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தான். ஊரே வேடிக்கை பார்த்தது, அதனால் நானும் இருந்தேன். பள்ளி விட்டு வந்த டீச்சர் சாலையில் குடையோடு நின்றாள். அவன் தலையைத் தூக்கி ஒரு தடவை பார்த்தான். முகமெல்லாம் சேறு, கண் மட்டும்தான் தெரிந்தது. அவள் குடையை மாற்றிப் பிடித்தாள். அரை மணி நேரம் அங்கேயே நின்றாள்.

அன்று சாயங்காலம் வேலிக்கு வந்தாள். கையில் நோட்டு.

"அக்கா, நீங்கள் காட்டில வேலை செய்தனீங்கள்தானே. சேத்தில எப்பிடி நடக்கிறது?"

பதினெட்டு வருஷம் தோட்டக்காட்டில் மருந்தடித்தவள் நான். யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. கேட்டதும் எனக்கு வாய் வரவில்லை என்றால் நம்புவீர்களா? அப்புறம் வந்தது.

"சேத்துல நிக்கக்கூடாது. நின்னா எறங்கும். குதிகால மொதல்ல வைக்கக்கூடாது, பாதத்த சாய்ச்சு வச்சு, உள்ள போகுதா பாத்து, அப்புறம்தான் ஒடம்ப ஏத்தணும். எந்த எடம் தாங்கும்னு கண்ணுக்குத் தெரியாது. உள்ளங்காலுக்குத்தான் தெரியும்."

"உள்ளங்காலுக்குத்தான் தெரியுமோ?"

"பின்ன? சக்கரத்துக்கா தெரியும்?"

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை மாப்பிள்ளை வீட்டார் யாராவது பார்த்திருந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

மறுநாள் ஏழாற்று நாட்டைக் கலைக்க ஆரம்பித்தாள். ஒரு வரி சேர்த்து முடித்துவிடும் வேலையாக இருக்கும் என்றுதான் நான் நினைத்தேன். அப்படி இல்லையாம். ஒரு காரணத்தை உள்ளே விட்டால் அது மற்றதையெல்லாம் இடம் மாற்றுகிறதாம். நாட்டைக் கடல் மட்டத்துக்குக் கீழே இறக்கினாள். கடலைத் தடுக்கக் கரைக்கட்டு, கரைக்கட்டில் ஏழு மதகு. இங்கே கடலோரத்தில் பாகான் நக்கோடா ஓமார் பக்கம் எப்படியோ அப்படி. பெருநீர் வந்து கடல் பொங்கும்போது மதகு உடையும். வண்டி போனால் சக்கரம் புதையும், படகு போனால் தரை தட்டும். மந்திரம் உப்புத் தண்ணீரில் பலிக்காது. முனிவர்களுக்கு அன்றோடு பிழைப்பு போயிற்று. கடலுக்குள் இறங்கி நின்று மதகுக் கதவைப் பிடிக்க உயரமான கால் வேண்டும். அதை யார் செய்தது? ராஜா இல்லை. மதகுத் தொழிலாளிகள் பழைய கொதிகலனையும் உடைந்த கதவுகளையும் வைத்து அடித்து ஒட்டினார்கள். ஏன் மனித உருவம்? சேற்றில் நடக்கத் தெரிந்த உருவம் என்று அவர்கள் கண்டது தங்களை மட்டும்தான்.

அதற்கு நெடுங்காலன் என்று பெயர் வைத்தாள்.

எட்டு வாரம் ஆனது. ராஜாவின் அரண்மனை போயிற்று, கொடி போயிற்று, பழைய வரைபடம் முழுக்கப் போயிற்று. போன வரைபடத்தில் எனக்கு வடை சுற்றிக் கொடுத்தாள். காலியாக இருக்கும் ஒரு நாற்காலிக்காக ஒருத்தி ஒரு நாட்டையே பிரித்து அடுக்கியதை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். தோட்டத்து வரலாற்றில் பெண்கள் இதைவிடச் சின்ன விஷயத்துக்கு ஓடிப்போயிருக்கிறார்கள். இவள் ஓடவில்லை, எழுதினாள்.

நாகமணி மூலம் சொல்லி அனுப்பினாள், ஒன்பதாவது ஞாயிறு சோமு வந்தான். சட்டையை இஸ்திரி போட்டிருந்தான். உட்காரவில்லை. நின்றுகொண்டே பரீட்சை வைத்தான்.

"முட்டி தேயுமே?"

"தேயும். மூண்டு பெருநீருக்கு ஒருக்கால் கழட்டிக் கொழுப்பு அடைக்க வேணும்."

"யாரு அடைக்கிறது?"

"உள்ளுக்கு இருக்கிறவர். வேற ஆருக்கும் தெரியாது. ராசாவுக்கு அதின்ர ஒரு ஆணியின்ர பேரும் தெரியாது."

சோமுவின் உதடு ஓரத்தில் ஏதோ அசைந்தது. "சரி. ஆளு எதுக்கு உள்ள ஒக்காரணும்? கரையில நின்னு கயிறு கட்டி இழுக்கலாமே?"

"கரையில நிக்கிறவருக்குச் சேறு தெரியாது." டீச்சர் நோட்டைப் பார்க்காமல் சொன்னாள். "நெடுங்காலன்ர பாதத்தில இருந்து ஒரு கம்பி வருது. உள்ளுக்கு இருக்கிறவர் செருப்பில்லாமல் அதுக்கு மேல காலை வச்சிருப்பார். எது தாங்கும், எது தாங்காது எண்டு அவற்ர உள்ளங்காலுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு நெடுங்காலனுக்கும் ஒரு ஆள்தான். அவர் இல்லாட்டி அது நடக்காது."

"வேற ஆளு பழகிக்க முடியாதா?"

"முடியாது."

கிராணியின் அறைக்குள்ளிருந்து இருமல் ஒன்று வந்தது. சோமு நாற்காலியை இழுத்து, முழுதாக உட்கார்ந்தான். அதற்கு முன் அவன் நுனியில்தான் உட்காருவான்.

"ஏறிட்டேன் டீச்சர்" என்றான்.

ஆறு ஞாயிறு. அதுபோல் ஆறு ஞாயிறு அந்த வீட்டில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மூன்றாம் மதகு உடைந்தபோது நெடுங்காலன் முதுகைக் கொடுத்து இரவு முழுக்க நின்றது. மந்திரி மகன் நாகமணி படகில் எண்ணெய் கொண்டுவந்தான். சோமு மேசைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையைக் காலால் தடவித் தடவிப் பார்த்துத்தான் அடுத்த அடியைச் சொல்லுவான். டீச்சர் அந்தக் காலைப் பார்ப்பாள். இருபது முகப் பகடையை இப்போது முழுக் கையால் எடுத்து உருட்டினான். கறுப்பு ஒட்டியதை யாரும் துடைக்கவில்லை.

ஆறாவது ஞாயிறு முடிவில் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தான். சிங்கப்பூரில் கப்பல் பட்டறை. ஃபிட்டர் வேலை, இரண்டு வருஷ ஒப்பந்தம்.

"எப்ப எழுதிப்போட்டது?" என்று நான்தான் கேட்டேன். யாராவது கேட்க வேண்டுமே.

"அப்ப, நான் வராம இருந்தேனே அந்த சமயம். கோபத்துல போட்டேன் அக்கா. வராதுன்னு நெனச்சேன்."

அவள் காரணம் தேடிக்கொண்டிருந்த அதே சமயம். முதல் ஞாயிறே "ரோபோட் சும்மா வந்து நிக்குது, ஏறுங்கோ" என்று சொல்லியிருந்தால் அந்தக் கடிதம் போயே இருக்காது. ஆனால் அப்படிச் சும்மா வந்து நின்றதில் அவன் ஏறியிருக்கவும் மாட்டான். இதை நான் பல தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், விடை வரவில்லை.

போகாதீர்கள் என்று அவள் சொல்லவில்லை. சொல்லுங்கள் என்று அவன் கேட்கவில்லை. ஒருவன் லயம், ஒருத்தி கிராணி மகள். இரண்டு பேரும் படித்த முட்டாள்கள். அவள் பகடையை எடுத்தாள்.

"நெடுங்காலன் எங்க நிக்குது?"

"மூணாம் மதகுக்கு வெளிய. கடலுக்குள்ள."

"இறங்கிறியளோ?"

"எறங்குறேன் டீச்சர்."

"எந்தப் பக்கம்?"

"கரைப் பக்கம்."

உருட்டினாள். "தண்ணி முழங்கால் மட்டும்தான். பத்திரமாப் போவியள்" என்றாள். பகடை அப்படித்தான் விழுந்ததா என்று நான் எட்டிப் பார்ப்பதற்குள் கையால் மூடிவிட்டாள்.

அவன் போன பிறகு ஆட்டத்துக்கு ஆள் போதவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். மதகோரத்தில் நண்டு விற்கும் கிழவியாக இருக்கச் சொன்னான் நாகமணி. எனக்கு நாற்பத்தாறுதான், கிழவி என்றால் வரமாட்டேன் என்றேன். நண்டு விற்கும் பெண்ணாக்கினார்கள். அந்த நாட்டில் நடக்கும் எல்லாச் செய்தியும் அவளுக்குத்தான் முதலில் தெரியும் என்று டீச்சர் எழுதிக்கொண்டாள். குத்தலா, மரியாதையா, இன்றுவரை தெரியவில்லை.

நெடுங்காலன் நின்ற இடத்திலேயே நின்றது. நாகமணிக்கு அது பொறுக்கவில்லை.

"சும்மா நிக்குது டீச்சர். நான் ஏறி ஓட்டுறேனே."

"உங்கட கால் அதுக்குச் சரிவராது."

"ரூல்ஸ மாத்திருங்க. ஒரு நாட்டையே மாத்துனீங்க, ஒரு ரூல்ஸு மாத்த முடியாதா?"

"ஆள் இருக்கு, மணி. அவர் சொல்லாமல் மாத்தேலாது."

அந்த ஆள் சிங்கப்பூரிலிருந்து தபால் கார்டு போட்டுக்கொண்டிருந்தான். எங்கள் வரிசைக்கு வரும் தபாலையெல்லாம் தபால்காரன் என் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவான், நான் எப்போதும் வீட்டில் இருப்பவள் என்பதால். கார்டை மூடியா அனுப்புகிறார்கள்? ஒரு பக்கம் கப்பல் படம், மறுபக்கம் எழுத்து. திருப்பினால் கண்ணில் படத்தான் செய்யும். 'இடது முட்டியில் தண்ணி சேரும், வடிய விடுங்க.' 'கம்பிக்குத் துரு வராம எண்ணெய் தடவுங்க.' அவ்வளவுதான். நலம், நலமறிய ஆவல்கூடக் கிடையாது. அவள் அதை ஞாயிற்றுக்கிழமை மேசையில் சத்தமாகப் படிப்பாள். ஆலை நோட்டீஸ் படிப்பதுபோல ஆரம்பித்து, கடைசி வரியில் குரல் இறங்கிவிடும். அப்புறம் நாங்கள் படகில் போய் முட்டியில் தண்ணீர் வடிப்போம்.

மாதம் இரண்டு கார்டு. பிறகு ஒன்று. தீபாவளிக்கு ஒன்று. பிறகு நாலு மாதம் ஒன்றுமில்லை.

எண்பத்தாறு ஏப்ரலில், ஒரு வியாழக்கிழமை, வந்தது. படித்தேன். இரண்டாவது தடவையும் படித்தேன்.

'வேலையை இன்னும் மூணு வருஷம் நீட்டிட்டாங்க. ஊருக்கு வர்றது இல்ல போல. நிக்க வச்ச மிஷின் கெட்டுப்போகும் டீச்சர். மணியை ஏத்திருங்க. பழகிக்குவான்.'

எனக்குக் கிடைத்த செய்தியை அரை நாளுக்கு மேல் நான் வைத்திருந்ததில்லை. அன்று கார்டை எடுத்துக்கொண்டு வேலியைச் சுற்றாமல் வாசல் வழியாகப் போய் அவள் கையில் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். கப்பல் படத்தைத் திருப்பிப் பார்த்தாள், அதில் ஏதாவது எழுதியிருக்குமோ என்பதுபோல. பிறகு நாட்டு நோட்டுக்குள் வைத்து மூடினாள். "தேத்தண்ணி குடிக்கிறியளோ அக்கா?" என்றாள். வேண்டாம் என்றேன். எனக்கே ஆச்சரியம்.

ஞாயிறு வந்தது. நாகமணி டிக்கெட் பையை ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தான்.

"கார்டு ஏதாச்சும் வந்துச்சா டீச்சர்? மூணாம் மதகுல மறுபடி தண்ணி ஏறுது. அந்த நெடுங்காலன் மட்டும் நடந்தா…"

"வரேல்லை" என்றாள் அவள்.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, முறைக்கவில்லை. எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். மேசைக்கு அந்தப் பக்கம் நாகமணியும் என்னைத்தான் பார்த்தான். தபால் யார் வீட்டுக்கு வருகிறது என்று ஊருக்கே தெரியுமே.

"எங்க வந்துச்சு" என்றேன். "இந்தத் தபால்காரன் ஒரு வாரமா இந்தப் பக்கமே காணோம். சோம்பேறிப் பய."

"அப்ப இன்னிக்கும் அதச் சுத்திதான் போகணுமா?"

"ஓம்" என்றாள் டீச்சர். "சுத்தித்தான் போக வேணும்."

நாகமணி அலுத்துக்கொண்டே துடுப்பை எடுத்தான். நான் நண்டுக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தேன். எங்கள் படகு அந்தப் பெரிய காலைச் சுற்றிக்கொண்டு மெதுவாகப் போனது.